விளக்குக்காரி ஏன் அழுதாள்?

றுஸைனாவின் நிக்காஹ்வுக்கு இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமைகள்தான் இருந்தன. உக்குவளையில், ரயில் பாதைக்கு மேலேயுள்ள அவளுடைய உம்மா மஸூதாவின் வீட்டில் அன்று சிரிப்புக்குப் பஞ்சமில்லை. மண்டபத்தில் பாய் விரித்து, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தொதல் இனிப்புத் துண்டுகளை எண்ணெய்த்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாகச் சாய்ந்திருந்த முனவ்வராவின் விரல்கள்தான் எல்லோரையும் விட வேகமாக ஓடின. அவளுக்கு அவசரம் ஒன்றுமில்லை. சந்தோஷம் கையில் வந்து நின்றால் கை அப்படித்தான் ஓடும்.

முனவ்வரா அந்த வீட்டுக்குச் சொந்தக்காரி அல்ல. பக்கத்து வளவில் தனியாக இருக்கும் விதவை. ஆனால் றுஸைனாவுக்கு அவள் பாலும்மா. றுஸைனா பிறந்தபோது மஸூதா கடும் காய்ச்சலில் கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதே மாதம்தான் முனவ்வரா பெற்ற மகன், பெயர் வைக்கும் முன்பே மவுத்தாகிப் போயிருந்தான். பிள்ளை போன பிறகும் பால் நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை பசித்து அழுதது. முனவ்வரா எழுந்து போய் அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். மஸூதா எழுந்து நடமாடும் வரை றுஸைனா அந்த மடியில்தான் வளர்ந்தாள். முனவ்வரா தன் வாழ்நாளில் செய்த நல்ல காரியம் எது என்று மறுமையில் மலக்குகள் கேட்டால், கூச்சத்தோடு இதைத்தான் சொல்லியிருப்பாள்.

"எல்லாரும் இங்கால பாருங்க! என்ட புது வீடியோவப் போடப் போறேன்" என்று கத்தினாள் அம்றா.

அம்றா மஸூதாவின் தம்பி மகள். இருபது வயது, குறும்பான முகம், ஊசி போன்ற மூளை. போனில் அவளுக்கென்று ஒரு சேனல் இருந்தது. கார்ட்டூன் படங்களைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டி, அந்தக் கதாபாத்திரங்கள் மெய்யாகவே யார், எதை ஒளிக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்வாள். அதற்குத் தியறி என்று பெயர். மாத்தளையில் மட்டுமல்ல, கட்டாரிலும் மலேசியாவிலும் இருக்கிற பிள்ளைகள்கூட அவளுடைய தியறிக்காகக் காத்திருந்தார்கள்.

அவள் போனை டீவியோடு இணைத்தாள். திரையில் அவளுடைய முகமே பெரிதாக வந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும் மக்களே! இன்டைக்கி உங்கட சின்ன வயசக் கெடுக்கப் போறேன்."

படம், 'விளக்குக் காட்டு இளவரசி.' அந்த ஊரில் அதைப் பார்க்காத பிள்ளை இல்லை. காட்டில் வழி தவறிய இளவரசி, விறகுவெட்டிகளிடம் வளர்ந்த இளவரசன், கடைசியில் கல்யாணம். நடுவில் மூன்றே மூன்று இடத்தில் ஒரு பெண் வருவாள். கையில் விளக்கு, தோளில் போர்வை. அவளுக்குப் பெயர்கூட இல்லை. பிள்ளைகள் அவளை விளக்குக்காரி என்பார்கள்.

"முதலாவது ஆதாரம்," என்றாள் திரையிலிருந்த அம்றா. "படம் தொடங்கக்குள்ள விளக்குக்காரி தொட்டில்ல இளவரசிக்கு ஒரு தாலாட்டுப் பாடுறா. காட்டுக்குள்ள இளவரசன் விசிலடிக்கிறதும் அதே தாலாட்டுத்தான். அவனுக்கு அத யாரு பாடினா? ரெண்டாவது, ரெண்டு பேர்ட மணிக்கட்டுலயும் ஒரே சிவப்பு நூல். மூணாவது, கல்யாணத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க, விளக்குக்காரி மட்டும் அழுறா. சந்தோஷக் கண்ணீர்னு தானே இவ்வளவு நாளும் நெனச்சீங்க? இல்ல மக்களே. அவதான் ரெண்டு பேருக்கும் பால் குடுத்தவ. ஒரே மடியில குடிச்ச ரெண்டு பேரும் கூடப்பொறந்தவங்க மாதிரி, அவங்களுக்குள்ள என்ன கல்யாணம்? ஹறாம்!"

றபான் மேளம் அடிக்கிற சத்தம் ஒன்றை அந்த இடத்தில் போட்டிருந்தாள். மண்டபம் குலுங்கியது. ஒருத்திக்குச் சிரிப்பில் தொதல் புரையேறியது.

"படம் எடுத்த வெள்ளக்காரனுக்குப் பால்குடி உறவெல்லாம் எங்க தெரியப் போகுது?" என்றாள் மஸூதா.

"தெரியாமத்தான் காட்டிட்டான் மாமி. அதத்தானே நாங்க பிடிக்கணும்."

முனவ்வரா சிரிக்கவில்லை. அவள் அந்த விளக்குக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜா ராணி கதைகளில் பெற்றவள் வருவாள், மாற்றாந்தாய் வருவாள், சூனியக்காரியும் வருவாள். பால் கொடுத்தவளுக்கு ஒருவரும் இடம் வைத்ததில்லை. இங்கே ஒருத்தி விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முனவ்வராவின் நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்த நெஞ்சு வாயைத் திறந்துவிட்டது.

"நானும் அவளப் போலதான். நானும் ரெண்டு பேருக்குக் குடுத்திருக்கேன்."

"ரெண்டு பேருக்கா?" அம்றா திரும்பினாள். "ஒண்ணு எங்கட றுஸைனா மச்சி. மத்தது யாரு சாச்சி?"

"பின்வளவுல ஒருத்தி வாடகைக்கு இருந்தா மகள். பீபின்னு. புருஷன் சவூதியில. அவளுக்குச் செங்கமாரி வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்துட்டா. கையில ஒரு ஆம்பிளப் புள்ள, இன்னும் நடக்கத் தொடங்கல்ல. பசியில கத்துவான். அவனையும் தூக்கிக்கிட்டேன், ரெண்டு மூணு தரம். கூடவும் இருக்கும், ஞாபகமில்ல. பொறகு ஊருக்குப் போயிட்டாங்க."

"எந்த ஊரு?"

"நாலந்தாப் பக்கம்னு சொன்னா."

அம்றாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. படத்தில் ஒரு நூலைக் கண்டுபிடித்தபோதும் அவளுக்கு அதே வெளிச்சம்தான் வந்திருக்கும். "புள்ளைக்கு ஏதும் அடையாளம் இருந்திச்சா சாச்சி?"

அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று முனவ்வரா யோசிக்கவில்லை. தன்னைப் பற்றி யாராவது கேட்டே எத்தனையோ காலமாகியிருந்தது. "இடது காதுல சின்ன வெட்டு. எலி கடிச்ச மாதிரி."

அம்றா போனை எடுத்தாள். நிச்சயதார்த்தப் படம் ஒன்றைத் தேடி, இரண்டு விரலால் விரித்தாள். மாப்பிள்ளை றிஷாதின் முகம் டீவி முழுக்கப் பரவியது. பிறகு கன்னம் மட்டும். பிறகு காது மட்டும். காதின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு.

றிஷாத் நாலந்தாக்காரன். சின்ன வயதிலேயே தாயை இழந்தவன்.

"மாமி, றிஷாதுட உம்மாட பேரு என்ன?"

மஸூதா டீவியிலிருந்த காதையே பார்த்தாள். பக்கத்திலிருந்த ஒருத்திதான் சொன்னாள். "ஐனுல் பீபியோ என்னவோ. பீபின்னு எத்தன பேரு இருக்காங்க புள்ள, எங்கட தெருவுலயே பாதிப் பேரு பீபிதானே."

யாரும் சிரிக்கவில்லை. றுஸைனா எழுந்து குசினிக்குள் போனாள். உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அதை மூடுகிற சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

மறுநாள் காலை முனவ்வரா முற்றத்தில் சாக்கு விரித்துக் கராம்பு காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மஸூதா வந்தாள். ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"ராத்தா, அந்தப் புள்ளைக்குக் குடுக்கவே இல்லன்னு சொல்லிடுங்க. ஏதோ பேச்சு வாக்குல வந்திட்டுன்னு சொல்லுங்க."

"எத்தன தரம்ங்கிறது மறந்திட்டு மஸூதா. அது றிஷாதுதானான்னும் எனக்குத் தெரியாது. ஆனா ஒரு புள்ளைக்குக் குடுத்தது மெய்தானே."

"மெய்ய வச்சி என்ன செய்ய? கல்யாண மண்டபம் பேசியாச்சு. ஊரெல்லாம் சொல்லியாச்சு."

"அவங்க ரெண்டு பேரும் மெய்யாவே ஒரு மடியில குடிச்சவங்களா இருந்தா? நான் பொய் சொல்லிச் சேத்து வச்சா, நாளைக்கு அல்லாஹ்கிட்ட என்ன சொல்லுவேன்?"

மஸூதா சாக்கருகே வந்து நின்றாள். பிறகு மிகவும் மெதுவாகச் சொன்னாள். கத்திச் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

"நீங்க என்ட புள்ளைக்கு உதவி செஞ்சீங்கன்னு இருபத்தஞ்சு வருஷமா நெனச்சிட்டிருந்தேன். உங்கட புள்ள மவுத்தாகி, பால் கட்டி நோவெடுத்திச்சு. அந்த நோவத் தீக்க எங்கட புள்ளையப் பிடிச்சீங்க. அந்த ஊர்பேர் தெரியாத புள்ளையையும் பிடிச்சீங்க. இதுல என்ன உதவி?"

முனவ்வராவின் கையிலிருந்த கராம்பு சாக்கில் விழுந்தது. நோவு இருந்தது மெய். குழந்தை வாய் வைத்ததும் அந்த நோவு இறங்கியதும் மெய். அந்த நேரத்தில் அவள் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி அழுததும் மெய். தன் நோவும் பிள்ளையின் பசியும் ஒரே நேரத்தில் தீர்ந்ததை அவள் அல்லாஹ்வின் அருள், றஹ்மத் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள்.

மஸூதா போய்விட்டாள். போகும்போது அவளுடைய செருப்பு சாக்கின் ஓரத்தை மிதித்துக் கராம்பைச் சிதறடித்தது. வேண்டுமென்று மிதித்தாளா என்று தெரியாது.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குள் அம்றாவின் அடுத்த வீடியோ வந்துவிட்டது. 'விளக்குக்காரி என்ட ஊர்லயே இருக்கா!' பெயர் சொல்லவில்லை. உக்குவளை என்றோ நாலந்தா என்றோகூடச் சொல்லவில்லை. காதைப் பற்றி மட்டும் சொன்னாள், கல்யாணம் நெருங்கிவிட்டதென்றும் சொன்னாள். ஊருக்கு அது போதும்.

முனவ்வராவிடம் அப்படிப்பட்ட போன் இல்லை. கராம்பு தெரிந்தெடுக்க அவளோடு கூடக் கூலிக்கு வரும் தோட்டத்துப் பெண் பிரவீனாதான் தன் போனில் அதைக் காட்டினாள்.

"கீழ ஆளுங்க என்ன எழுதியிருக்காங்க பிரவீனா? வாசிச்சுக் காட்டுங்க."

"வேணாங்கக்கா."

"வாசிங்க."

பிரவீனா வாசித்தாள். "விளக்குக்காரிதான் உண்மையான வில்லின்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. எல்லாம் தெரிஞ்சும் கல்யாணம் வரைக்கும் வாய மூடிட்டு இருந்தாளாம். அந்தப் பொம்பளைக்குப் பொறாமைன்னு இன்னொருத்தர். அப்புறம் சிரிக்கிற படம் நெறைய போட்டிருக்காங்க. அப்புறம்..." அவளுடைய விரல் கண்ணாடியில் விறுவிறென்று ஓடியது. "அப்புறம் ஒண்ணுமில்லக்கா. எல்லாம் அதேதான்."

ஒன்றுமில்லாத இடத்தில் விரல் அவ்வளவு வேகமாக ஓடாது. முனவ்வராவுக்கு அது விளங்கியது. அந்தப் பிள்ளையின் விரலுக்கு அல்லாஹ் சுகத்தைக் கொடுக்கட்டும் என்று மனதுக்குள் துஆ கேட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மஸூதாவின் மண்டபத்தில் இரு வீட்டாரும் கூடினார்கள். றிஷாதும் அவனுடைய வாப்பா புஹாரி ஹாஜியாரும் நாலந்தாவிலிருந்து வந்திருந்தார்கள். நடுவில் முனாஸ் மௌலவி. றுஸைனா உள் அறைக் கதவின் திரைக்குப் பின்னால் நின்றாள். திரைக்குக் கீழே அவளுடைய கால்விரல்கள் தெரிந்தன. முனவ்வரா வாசலோரக் கதிரையில் உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புஹாரி ஹாஜியார் சொன்னார். "நான் அப்ப சவூதியில. உக்குவளையில ஒரு வீட்டுல கொஞ்ச மாசம் இருந்தாங்கன்னு தெரியும். எந்த வீடு, யாரு பால் குடுத்தா, ஒண்ணும் தெரியாது. கேட்டுப் பாக்க அவ உயிரோட இல்ல."

"காது வெட்டு?"

"கதவு இடுக்குல பட்டதாச் சொல்லுவாங்க."

மௌலவி முனவ்வராவின் பக்கம் திரும்பினார். "உம்மா, பயப்படாம தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க. அந்தப் புள்ள இந்த மாப்பிள்ளைதான்னு உங்களால உறுதியாச் சொல்ல ஏலுமா?"

"ஏலாது மௌலவி. பீபிங்கிற பேரும் காதும்தான் தெரியும்."

"பால் உறவு ஆகுறதுக்கு அஞ்சு தடவை குடுத்திருக்கணும். அஞ்சு தடவை, வேற வேற நேரத்துல, நிறையக் குடுத்ததா உறுதியா ஞாபகம் இருக்கா?"

மஸூதாவின் பார்வை அவள் முகத்தைத் துளைத்தது. இல்லவே இல்லை என்ற ஒரு சொல் போதும். முனவ்வரா கண்ணை மூடித் தேடினாள். மழை, ஓடு ஒழுகிய சத்தம், ஒரு குழந்தையின் சூடான தலை. எண்ணிக்கை மட்டும் எங்கும் இல்லை. பசித்த பிள்ளைக்குக் கொடுக்கும்போது யார் எண்ணுவார்கள்?

"எனக்குத் தெரியாது. கூடவும் இருக்கலாம், குறைவாவும் இருக்கலாம்."

மௌலவியின் முகம் தெளிந்தது. "அப்ப விஷயம் முடிஞ்சு போச்சு. புள்ள யாருங்கிறதும் உறுதியில்ல, எத்தன தரங்கிறதும் உறுதியில்ல. எங்கட மத்ஹபுச் சட்டத்துல சந்தேகத்த வச்சி ஒரு ஹலாலை ஹறாமாக்க ஏலாது. பேணுதலுக்காக இந்தச் சம்பந்தத்த விட்டுக்கொள்றதுன்னா அது அவங்கட விருப்பம். ஆனா இந்த நிக்காஹ்வுக்குத் தடையில்ல."

மஸூதா "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டுச் சொல்லிச் சுவரில் சாய்ந்தாள். திரைக்குக் கீழே தெரிந்த கால்விரல்கள் தளர்ந்தன. அல்லாஹ்வின் சட்டம் மனிதனைப் பிடிக்க வலை விரிப்பதில்லை, தெரியாததைத் தெரியாது என்று சொன்னவளுக்கு அது வழியும் விட்டது.

அப்போது றிஷாத் பேசினான். நல்ல பிள்ளை அவன். அதுவரை தலை நிமிர்ந்து யாரையும் பார்த்திருக்கவில்லை.

"மௌலவி சொல்றது சரி. ஆனா எனக்கு வேணாம்."

"ஏன் மகன்?"

"கடைக்குப் போனா, 'தங்கச்சி சுகமா மச்சான்'னு கேக்குறாங்க. என்ட காதப் படம் பிடிக்கிறாங்க. நேத்து ஒருத்தன் எல்லாருக்கும் முன்னால அந்தத் தாலாட்ட விசிலடிச்சான்." அவன் காதைக் கையால் மறைத்துக்கொண்டான். அப்படி மறைப்பது அந்த மூன்று நாளில் அவனுக்குப் பழக்கமாகியிருந்தது. "கல்யாணம் முடிச்சாலும் விட மாட்டானுகள். எங்களுக்குப் புள்ள பொறந்தா அதுட காதையும் பாப்பானுகள். அவட முகத்தப் பாத்தா எனக்கே அந்த வீடியோதான் ஞாபகம் வருது."

"தடையில்லன்னு நான் சொல்றேனே மகன்!"

"உங்களுக்கு இல்ல மௌலவி."

புஹாரி ஹாஜியார் எழுந்தார். அவர்கள் வாசலைக் கடக்கும்போது முனவ்வரா கதிரையை ஒதுக்கி இடம் விட்டாள். றிஷாத் ஒரு கணம் அவளுக்கு முன்னால் நின்றான். இடது காது அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. அந்தச் சூடான தலை இதுதானா? அவளுக்கு அப்போதும் தெரியவில்லை. தொட்டுப் பார்க்கக் கை துடித்தது. அவன் போய்விட்டான்.

திரைக்குப் பின்னால் கால்விரல்கள் இல்லை.

அதன்பிறகு ஊர் முனவ்வராவை அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. அதைவிட மோசமானதைச் செய்தது. அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தியது. சந்தைக்குப் போகும் வழியில் கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய், அவளைக் கண்டதும் சால்வையால் பிள்ளையின் முகத்தை மூடினாள். முன்பெல்லாம் பிள்ளை பெற்ற வீடுகளில் முதல் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது ஒருவரும் கூப்பிடவில்லை. சின்னப் பையன்கள் அவளுடைய வேலியோரமாகப் போகும்போது அந்தத் தாலாட்டை விசிலடித்தார்கள். அதில் என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. மெட்டு நல்ல மெட்டு.

அம்றா மூன்றாவது வீடியோவும் போட்டாள். 'நான் சொன்னது பலிச்சிட்டு மக்களே.' மச்சியின் கல்யாணம் முறிந்ததற்கு அவள் அழவும் செய்தாள், அந்த அழுகையையும் வீடியோவில் வைத்தாள். மஸூதாவின் வீட்டில் சுற்றி வைத்த தொதல் பெட்டியோடு பூஞ்சணம் பிடித்தது.

கராம்பு வாங்கும் முதலாளி, கொஞ்ச நாளைக்கு வேலை இல்லை என்று ஆள் அனுப்பிச் சொன்னார். வேலை நின்றதோடு பிரவீனா வருவதும் நின்றது. முனவ்வரா கதவைச் சாத்திக்கொண்டாள். தொழுதாள், அழுதாள், பிறகு அழவும் தெம்பில்லாமல் காய்ச்சலில் படுத்தாள். நோவு தீர்க்கத்தான் செய்தாயா என்று தன்னையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அடுப்பு எரிந்து எத்தனை நாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு முற்பகலில் கதவு தள்ளப்பட்டது. றுஸைனா நின்றாள். கையில் மூடிய சட்டி. முகம் மெலிந்து, கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"பிரவீனா வந்து சொன்னா, உங்கட கூரையில புகையே வரல்லையாம்னு." அவள் சட்டியை ஓசையோடு வைத்தாள். "நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்கொள்ளாதீங்க."

"இல்ல மகள்."

"நீங்க அன்டைக்கி வாய மூடிட்டு இருந்திருக்கலாம்."

"ஓ மகள். இருந்திருக்கலாம்."

"உங்களுக்கு என்னத்துக்கு அந்தப் பெரும? ரெண்டு பேருக்குக் குடுத்தேன், ரெண்டு பேருக்குக் குடுத்தேன்னு?" றுஸைனாவின் குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே இன்னும் கூர்மையாகச் சொன்னாள். "என்னைப் பசியில கிடக்க விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

முனவ்வரா எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. தலை மீண்டும் தலையணையில் விழுந்தது. றுஸைனா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் ஒரு கரண்டியைத் தேடி எடுத்து வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சட்டியில் கஞ்சி. இஞ்சியும் உள்ளியும் போட்டிருந்தது.

"வாயத் திறங்க."

முதல் கரண்டி பல்லில் இடித்தது. அதில் அன்பில்லை, கோபம்தான் இருந்தது. ஆனாலும் கஞ்சி உள்ளே போனது.

"அந்தப் படத்த நேத்து முழுக்கப் பாத்தேன்," என்றாள் றுஸைனா, கரண்டியைப் பார்த்துக்கொண்டே. "அம்றா வெட்டிக் காட்டுறதத்தானே எல்லாரும் பாக்குறாங்க. அந்தக் கல்யாணத்துல நீட்டு மேசை போட்டு எல்லாரும் சாப்பிடுறாங்க. குதிரைக்குக்கூட ஏதோ குடுக்குறாங்க. விளக்குக்காரி கதவுக்கு வெளியில, காத்துல நிக்கிறா. அவளுக்கு ஒருத்தரும் ஒரு பீங்கான் சாப்பாடும் நீட்டல்ல. கடைசி வரைக்கும் நீட்டல்ல."

அவள் அடுத்த கரண்டியை ஊதினாள். இந்த முறை பல்லில் இடிக்கவில்லை.

"அவ ஏன் அழுதான்னு எல்லாரும் தியறி சொல்றாங்க. பசியாவும் இருக்கலாம்."

முனவ்வராவின் கண்ணீர் காதுக்குள் ஓடியது. றுஸைனா தன் முந்தானை நுனியால் அதைத் துடைத்தாள். மென்மையாகத் துடைக்கவில்லை, ஆனால் துடைத்தாள். போன கல்யாணம் திரும்பி வரவில்லை, ஊரும் திருந்தவில்லை. வேலிக்கு அப்பால் யாரோ ஒரு பையன் விசிலடித்துக்கொண்டு போனான். உள்ளே கரண்டி சட்டிக்கும் வாய்க்குமாகப் போய் வந்தது. எத்தனை தரம் என்று இருவரும் எண்ணவில்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றாள் றுஸைனா. "திறங்க, பாலும்மா."